ஆட்டோ முதுகில் ஒட்டிய நாலு வரி

அன்பு மகள் தீபிகாவுக்கு, ஜோகுபாளையத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் காலுக்குள் இருக்கும் ராடு நலம், ஆட்டோவும் எஃப்.சி. முடிந்து வந்து நலமாக வாசலில் நிற்கிறது. உன் நலத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் நீ நல்லா இருக்கேம்மா என்று சொல்கிற வேகம் எனக்குப் பிடிக்கவில்லை, நன்றாக இருக்கிறவர்கள் அதை அவ்வளவு அவசரமாகச் சொல்ல மாட்டார்கள். அதைக் கடைசியில் பேசுகிறேன். முதலில் நீ கேட்ட விஷயம். உங்கள் கேன்சர் வார்டில் நர்ஸுகள் முறை வைத்துத் தங்கள் தாய்மொழியில் நாலு நல்ல வார்த்தை எழுதி, கீழே இங்கிலீஷில் அர்த்தமும் எழுதிப் பலகையில் ஒட்டுகிறார்கள், பிலிப்பைன்ஸ் பெண் ஒட்டிவிட்டாள், கோட்டயத்துப் பெண் ஒட்டிவிட்டாள், அடுத்தது என் முறை, நம் வீட்டு நாலு வரியை உன் கையெழுத்தில் எழுதி அனுப்பும்மா என்று சொன்னாய். அனுப்புகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுத்தான் அதை ஒட்ட வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், பாதியில் பேஷண்ட் கூப்பிடறாங்கம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கீழ்வீட்டு ஆம்ப்ரோஸ் அண்ணன் மகன் ஷெர்வின் சனிக்கிழமை டப்ளினுக்குப் படிக்கப் போகிறான், அங்கிருந்து கார்க் எவ்வளவு தூரமோ எனக்குத் தெரியாது, எப்படியாவது உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். கூடவே சாம்பார் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வருகின்றன.

நாலு வரி இதுதான், தெளிவாக எழுதுகிறேன்.

விடியும்வரை நட,
விடியாவிட்டாலும் நட.
கால் நோகும் இடத்தில் உட்கார்,
உட்கார்ந்த இடத்தையே வீடாக்காதே.

இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். நீ அப்போது பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டு சுனிதா ஆன்ட்டி வீட்டில் இருந்தாய். தண்ணி டேங்கர் இடித்து அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, மனுஷனுக்குத்தான் மனசு விட்டுப்போயிருந்தது. பிசியோதெரபி பெண் வந்து காலைக் கீழே வைங்க சார் என்று சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஆட்டோ ஓட்டற காலு போச்சு, இனிமே வச்சா இன்னா வைக்காட்டி இன்னா என்பார். நான் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போவேன், அங்கே நின்றுதான் அழுவேன், அவர் முன்னால் அழுதால் அதற்கும் திட்டுவார். டீக்கடையை ஒட்டி ஒரு மெடிக்கல் ஷாப், அதன் பக்கச் சுவரில் ஒரு போஸ்டர். போஸ்டரின் மேல்பாதியை மறைத்து ஆண்களுக்கான பி.ஜி. ஹாஸ்டல், வைஃபை உண்டு, மூன்று வேளை சாப்பாடு என்று வேறொரு காகிதம் ஒட்டியிருந்தது. அடியிலும் யாரோ கிழித்திருந்தார்கள். நடுவில் இந்த நாலு வரி மட்டும் தப்பித்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்ல மெடிக்கல் ஷாப்காரர்தான் எழுதி ஒட்டியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நல்ல மனுஷன் என்று மனதில் வாழ்த்தி அங்கேயே தினமும் மாத்திரை வாங்கினேன். டீ ஆறுகிறவரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். டீ வாங்க அனுப்பினா பாட்டு வாங்கினு வர்றியே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடுவேனா, இட்லி ஊட்டும்போது ஒரு முறை, உடம்பு துடைக்கும்போது ஒரு முறை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாள் பிசியோதெரபி பெண் வந்து நின்றபோது, அப்பா என்னைப் பார்த்து, இந்தா, காலு நோவுற இடத்துல உட்காருன்னு உன் பாட்டுலயே இருக்குதில்ல, நான் உட்கார்ந்துக்கறேன் என்றார். அடுத்த வரி யாருக்காம் என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்தார், அப்பாவுக்கு ரோஷம் வந்து காலைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு ஜன்னல்வரை போனார். அவ்வளவுதான், பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, வலியில் கத்திக்கொண்டேதான் போனார். ஆனால் எனக்கு அந்த நாலு வரி அன்றுமுதல் சாமி படம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் நான் யாருக்குத்தான் சொல்லவில்லை? நீ பரீட்சைக்குப் போகும்போது சொன்னேன், அயர்லாந்துக்குப் போகும்போது ஏர்போர்ட்டில் சொன்னேன். சுனிதா ஆன்ட்டி மகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது காதில் சொன்னேன், அந்தப் பெண் ஆன்ட்டி வாயை மூடுங்க என்று அலறினாள், அது வேறு விஷயம். மஞ்சுநாத் ஜூஸ் கடை திறந்தபோது ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். தமிழ் படிக்க வராத மஞ்சுநாத்துக்கு யாரோ கன்னடத்தில் அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள், ஒரு ஜூஸை வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருகிறவர்களுக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறது என்று அவன் அதைக் கல்லாவுக்கு மேலேயே மாட்டிவிட்டான்.

ஆட்டோ கதை உனக்குத் தெரியும். அப்பா மறுபடி வண்டி எடுத்த அன்று, நான் கேட்காமலே ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குப் போய், பின்னால் மேலே கன்னடத்தில் அண்ணம்மா தேவி பெயர், அதற்குக் கீழே தமிழில் நாலு வரி என்று ஒட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஸ்டாண்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஆட்டோ பின்னாடி நட நடன்னு எழுதி வச்சா சவாரி எப்படிப்பா வரும் என்று கேட்பார்களாம். ஸ்டிக்கர் வெயிலில் சுருங்கும்போதெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒட்டுவார். இத்தனை வருஷமாக அல்சூர், இந்திரா நகர், மர்ஃபி டவுன் என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது அந்தப் பாட்டு. அதனால்தான் இப்போது இது நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். அப்பா உள்ளே வந்து, வனஜா, உன் பாட்டுக்குச் சொந்தக்காரி வந்திருக்குது, தண்ணி குடு முதல்ல என்றார். பின்னால் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், முகமெல்லாம் வியர்வை, கையில் ஒற்றைச் செருப்பு. காந்தா என்று பெயர். இருப்பது சந்தாபுராவில், அண்ணன் வீட்டில். மர்ஃபி டவுனில் ஏதோ காது குத்துக்கு வற்புறுத்தி அழைத்து வந்திருக்கிறார்கள். திரும்பிப் போகும்போது ஏரிப்பக்கம் சிக்னலில் பஸ் நின்றதாம், ஜன்னலுக்குக் கீழே நம் ஆட்டோ. நடுவில் பைக்கில் நின்ற ஒருவரின் ஹெல்மெட் மறைத்ததில் கடைசி வரி மட்டும்தான் கண்ணில் பட்டதாம். உட்கார்ந்த இடத்தையே வீடாக்காதே. அதைப் பார்த்ததும் கண்டக்டர் கத்தக் கத்த இறங்கி ஓடி வந்திருக்கிறாள், செருப்பு ஒன்று ரோட்டிலேயே போய்விட்டது. அப்பா சவாரி என்று நினைத்து எங்கம்மா போகணும் என்று கேட்க, இது நான் எழுதினதுங்க, இதை உங்களுக்குக் குடுத்தவங்க வீட்டுக்குப் போங்க என்று உட்கார்ந்துவிட்டாளாம். அப்பா பழக்கதோஷத்தில் மீட்டரையும் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்திருக்கிறார்.

தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பெண், இது எங்க ரவிக்கு ஒட்டின போஸ்டருங்க என்றாள். ரவி அவளுடைய தம்பி, அந்த மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவன், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அதே மழைக்காலத்தில் டெங்குவில் போய்விட்டான், கல்யாணம்கூட ஆகவில்லை. அவன் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைக் கூட்டாளிகள் அல்சூர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள், வேலை செய்த கடைச் சுவரிலும் ஒன்று. பி.ஜி. விளம்பரத்துக்குக் கீழே இருந்தது அந்தப் பையன் முகம், தீபிகா. அந்த முகத்துக்கு முன்னால் நின்றுதான் நான் தினமும் டீ வாங்கியிருக்கிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பயம்தான், மறைக்காமல் சொல்கிறேன். பிரசவ அறையில் சொன்னேனே, கடை திறப்புக்குக் கொடுத்தேனே, பெற்ற பெண்ணை விமானம் ஏற்றும்போது சொல்லி அனுப்பினேனே, அத்தனையும் சாவு போஸ்டரிலிருந்து எடுத்ததா? அதைவிட, உயிருக்குப் போராடுகிறவர்கள் படுத்திருக்கிற இடத்தில் இதைக் கொண்டுபோய் நீ ஒட்டப்போகிறாய் என்ற நினைப்பு வந்தபோது உடனே உனக்குப் போன் போடத்தான் எழுந்தேன். அங்கே நீ டியூட்டியில் இருக்கிற நேரம். அப்பா பெயிண்டர்கள் சுரண்டுகிற பட்டையை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போய், ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்க அதன் ஓரத்தில் வைத்துவிட்டார்.

காந்தா ஒற்றைச் செருப்போடு ஓடினாள். கை வைக்காதீங்கண்ணா, உங்க காலைப் பிடிச்சிக்கறேன், கை வைக்காதீங்க என்று கத்தியதில் ஆம்ப்ரோஸ் அண்ணன் வீட்டிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அப்புறம் அவளை உள்ளே கூட்டி வந்து சாப்பிட உட்கார வைத்தேன், சாப்பிட்டுக்கொண்டேதான் மீதியைச் சொன்னாள். அஞ்சலிப் போஸ்டர் அடிக்கிற கடைகளில் ஆயத்தமாக வாசகம் வைத்திருப்பார்கள் அல்லவா, நம்பர் போட்டு, அப்பாவுக்கு இது, பிள்ளைக்கு இது என்று. இதில் எது வேணும்மா என்று கேட்டிருக்கிறார்கள். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் போட்டது என் தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கவுன்ட்டரிலேயே நின்று இவள் எழுதியிருக்கிறாள். அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. எழுதிய காகிதம் கடையிலேயே போயிற்று. அந்தப் போஸ்டரை வீட்டில் வைத்துக்கொள்வது அவர்கள் பக்கம் வழக்கமில்லை, காரியம் முடிந்த அன்று ரவியின் துணிகளோடு சேர்த்து அப்புறப்படுத்திவிட்டார்கள். சுவரில் இருந்தவற்றின் மேல் கட்சிக்காரன், சினிமாக்காரன், டியூஷன்காரன் என்று ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து இவள் சொல்லிப் பார்த்தால் கடைசி வரி மட்டும் வரவில்லையாம். கால் நோகும் இடத்தில் உட்கார் என்பதுவரை வரும், அதோட நின்னுடும்க்கா, நானே எழுதினது எனக்கே வரல, யார்கிட்ட போய்க் கேட்பேன் என்று சோற்றில் கை வைத்தபடி அழுதாள். கார்மென்ட்ஸ் வேலையை அப்போதே விட்டவள் அப்புறம் எங்கும் போகவில்லை, அண்ணன் வீட்டு அடுக்களையோடு சரி, காது குத்துக்கே இழுத்துக்கொண்டுதான் வந்தார்களாம். தொலைந்துபோன அந்த ஒரு வரி ஆட்டோ முதுகில் அல்சூரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, இவள் சந்தாபுராவில் உட்கார்ந்திருந்தாள்.

பி.ஜி. விளம்பரம் மறைத்த இடத்தில் இன்னும் இரண்டு வரி இருந்ததாம். அது அவளுக்கு மறக்கவேயில்லை. பாதி வழியில் கையை விட்டுப் போனவனே, இனி நீ சொல்லவேண்டியதை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று இருக்குமாம், அதற்குக் கீழேதான் நம் நாலு வரி. நான் உன் வார்டைப் பற்றிச் சொன்னேன். கேன்சர்காரர்கள் படுத்திருக்கிற இடம், அங்கே இதை ஒட்டலாமா, எனக்கு மனசு ஒப்பவில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தும் இது உனக்குப் புரியவில்லையா என்று இருந்தது. செத்தவனை எதுக்குக்கா நடன்னு சொல்லப் போறேன், இருக்கறவளுக்குத்தான் எழுதினேன், எனக்குத்தான் எழுதினேன் என்றாள். அப்பா நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், பட்டையைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் பாரம் இறங்கியது. மறுநாள் சுனிதாவிடம் பயந்துகொண்டே சொன்னேன், அவள், அன்னிக்குப் பொறந்த பேத்தி ஓடி ஓடிப் பால் டம்ளரை எல்லாம் ஒடைக்குது, இப்ப வந்து இன்னாத்துக்கு இந்தக் கதை என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே நீ தாராளமாக ஒட்டு. காந்தா சம்மதித்துவிட்டாள், மேல் இரண்டு வரி மட்டும் பலகைக்கு வேண்டாம், அது எனக்கும் தம்பிக்கும், உங்க பொண்ணு படிச்சிக்கட்டும் என்றாள். அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு என் பேரு எதுக்கு என்று கூச்சப்பட்டாள், அப்புறம் வாசல்வரை போனவள் திரும்பி வந்து, ரவியின் அக்கா என்று போடச் சொல்லுங்க என்றாள். போஸ்டரில் அடியில் அப்படித்தான் இருந்ததாம், யாரோ கிழித்துவிட்டார்கள். அதனால் இங்கிலீஷிலும் அதை விடாமல் எழுது, ரவியின் அக்கா, பெங்களூரு. அப்பாவும் ஸ்டிக்கர் கடையில் ரவியின் அக்கா என்ற வரியைக் கேட்டு வாங்கி நாலு வரிக்கும் கீழே ஒட்டிவிட்டார், இடம் போதாமல் அங்கே இருந்த தன் போன் நம்பரை எடுத்துவிட்டார். அன்று காந்தாவை என் செருப்பைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். அதைத் திருப்பிக் கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள், தனியாகவே பஸ் பிடித்து வருகிறாளாம். செருப்பு பழையதுதான், வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஷெர்வின் கொண்டுவருகிற பையில் வெந்தயக்கீரை காயவைத்து வைத்திருக்கிறேன், அதைப் பருப்பில் போடு, ரொட்டியும் ஜாமுமே தின்றுகொண்டிருக்காதே. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு டியூட்டிக்கு ஓடாதே. இதெல்லாம் நீ கேட்டும் கேட்காமலும் இருப்பாய், பரவாயில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். நீ நாலு வரியை எழுதி அனுப்பு என்று கேட்டபோது நான் சரியென்று சொல்லிவிட்டேன், போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். பத்தாவதிலிருந்து உனக்கு அது மனப்பாடம். காந்தாவுக்கு ஒரு வரி மறந்தது, உனக்கு ஒன்றும் மறக்கவில்லை. உன் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாகவும் இருக்கும். அப்புறம் எதற்கு அம்மா எழுதி வர வேண்டும்? உன் பெயரை டிபிக்கா டிபிக்கா என்று கூப்பிடுவாரே அந்தப் பேஷண்ட், அவர் போய்விட்டார் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய், அதற்குப் பிறகு நீ போனில் சிரித்து நான் கேட்கவில்லை. லீவு போட்டு வா என்றால் ஆள் இல்லம்மா என்கிறாய், வார்டுக்கு ஆகும் என்று பாட்டு கேட்கிறாய். அந்தப் பாட்டு உனக்குத்தான் வேண்டியிருக்கிறது, கண்ணு. எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக எல்லோரையும் நட நட என்று விரட்டியவள் நான், உன்னையும் அப்படித்தான் விரட்டியிருக்கிறேன். காந்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உட்காரச் சொல்லியும் எழுதியிருக்கேனே, அதை யாருமே பார்க்க மாட்டேங்கறாங்க என்று சொன்னாள். அதைக் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது.

பலகைக்கு நாலு வரியும் போகட்டும். உனக்கு அம்மா மூன்றாவது வரியை மட்டும் தனியாகச் சொல்கிறேன், கால் நோகும் இடத்தில் உட்கார். முடியவில்லை என்று அங்கே மேலதிகாரியிடம் சொல், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, லீவு கேள். சோமேஸ்வரர் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன், விபூதி சின்னப் பொட்டலத்தில் இருக்கிறது, அவன் துணையிருப்பான். அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் வேண்டாம், ஆட்டோவிலேயே வந்து அழைத்துக்கொள்வதாகவும் சொன்னார், அவ்வளவு தூரம் பின்பக்கம் வலிக்கும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஊறுகாயில் ஈர ஸ்பூன் போடாதே. டிக்கெட் போட்டுவிட்டு முதலில் எனக்குச் சொல், அப்புறம் அவருக்குச் சொல். வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்திரு. நாலாவது வரியைச் சொல்லி நான் உன்னை எழுப்ப மாட்டேன், இது வீடுதான்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா
வனஜா எத்திராஜ்